பெயரை மாற்றினால் படம் மாறுமா?

திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதிகளில் இ-சேவை மையம் நடத்தும் உங்களிடம் இன்று ஒரே ஒரு பிரச்சினையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 'படத்தில் பிழைகள் இருப்பதால் காட்ட முடியவில்லை' என்று ஃபயர்ஃபாக்ஸ் சொல்கிறதே, குரோமில் கிழிந்த படம் போல ஒரு சின்னம் வருகிறதே, அதுதான்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மையத்தில் ஆபரேட்டராக இருந்தேன். திருவானைக்காவலிலிருந்து ஒரு மாணவி வருமானச் சான்றுக்கு வந்தார். ரேஷன் கார்டை அண்ணனுடைய ஐபோனில் படம் எடுத்திருந்தார். ஃபைல் பெயர் ஹெச்இஐசி என்று முடிந்தது, தளம் ஏற்கவில்லை. நான் ரீநேம் கொடுத்து, கடைசியில் ஜேபிஜி என்று போட்டேன். ஏறிவிட்டது! 'முடிஞ்சதும்மா, மெசேஜ் வரும்' என்று அனுப்பிவைத்தேன். மெசேஜ் வந்தது, விண்ணப்பம் திருப்பப்பட்டது என்று. கிராம நிர்வாக அலுவலரின் திரையில் படம் திறக்கவே இல்லை. 'அண்ணா, ஸ்காலர்ஷிப்புக்கு நாளைக்குத்தான் கடைசி' என்று அந்தப் பொண்ணு வந்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. உடனே சரியான படத்தை ஏற்றினோம். ஆனால் சான்று வர நாள் போதவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற சமயபுரம் பஸ்ஸுக்கு ஸ்ரீரங்கம் போர்டை மாட்டினால் அது ஸ்ரீரங்கம் போய்விடுமா? நான் செய்தது அதுதான். சில தளங்கள் போர்டை மட்டும் பார்த்து உள்ளே விட்டுவிடும். பிரவுசரோ உள்ளே இருப்பதைப் படித்துத்தான் படத்தை வரையும். 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோது ஐபோன் கேமரா ஹெச்இஐசி முறைக்கு மாறியது. படம் குறைந்த இடத்தை எடுத்துக்கொள்ளும், ஆனால் விண்டோஸில் இருக்கும் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதைத் திறக்காது.

அதனால் ஏற்றுவதற்கு முன், ஃபைலை பிரவுசர் டேபில் இழுத்துப் போட்டுப் பாருங்கள். அஞ்சு செகண்ட் வேலை. திறக்கவில்லையா? நோட்பேடில் திறங்கள். கண்ணா பின்னா எழுத்துகளாக வரும், பயப்படாதீங்க. முதல் வரியில் ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்ஸிஃப் என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது ஜேபிஜிதான். ஹெச்இஐசி என்று இருந்தால் ஐபோன் சமாச்சாரம். ஹெச்டிஎம்எல் என்று இருந்தால் அது படமே இல்லை. ஏதோ ஒரு வலைப்பக்கம் படத்தின் பெயரில் சேவ் ஆகியிருக்கிறது. பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். நோட்பேடில் சேவ் கொடுத்தால் நல்ல படமும் கெட்டுப்போகும்.

படத்தின் மேல்பாதி சரியாக இருந்து கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருந்தால், காப்பி முடியும் முன்னே யாரோ பென் டிரைவைப் பிடுங்கியிருக்கிறார்கள். மறுபடி காப்பி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஐபோனோடு வருகிறவரிடம் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைக்கச் சொல்லி, படத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினாலும் ஜேபிஜியாகிவிடும், ஆனால் தரம் குறையும்; ரேஷன் கார்டின் பொடி எழுத்து கலங்கிவிடலாம். டாகுமென்டாக அனுப்பினால் ஹெச்இஐசி அப்படியே வரும்.

அளவு பிரச்சினை வேறு. டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவில் புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி. அங்கே ரீசைஸ் செய்தால் போதும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீங்க.

கேப்சா படம் வரவில்லை என்றால் ஃபைலைத் தேடாதீர்கள். கம்ப்யூட்டரில் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். பிறகு கன்ட்ரோல் எஃப்5, அதற்கப்புறம் இன்காக்னிட்டோ. மொபைல் டேட்டாவிலும் வரவில்லையா, பெரும்பாலும் சர்வர் பக்கம்தான் கோளாறு. காத்திருப்பவரிடம் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். ஆட்டோவுக்குக் காசு கொடுத்து இரண்டாம் தடவை வருகிறவர் அவர்.

திறக்காத ஃபைல் யாரிடமாவது இருந்தால் பென் டிரைவைக் கொடுங்கள். இங்கேயே பார்த்துவிடலாம்.