ஏ.எஸ்.எல்.வி.யின் கடைசிப் புறப்பாடு

(மட்டாஞ்சேரியில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ராக்கெட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசுங்கோ சார்" என்று காரியதரிசி சொன்னார். நான் இஸ்ரோவில் வேலை பார்த்தவன் அல்ல. காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ரிடையரானவன். சந்திரயானைப் பற்றிப் பேச ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் இன்று பலருக்கு மறந்தே போன ஒரு ராக்கெட்டை எடுத்துக்கொண்டேன். அதன் பெயர் ஏ.எஸ்.எல்.வி. மொத்தம் நான்கே தடவை கிளம்பியது. நான்காவது தடவைதான் கடைசி.

முதலில் கொஞ்சம் பூர்வ கதை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்ததும், அப்துல் கலாம் அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்ததும் எல்லோருக்கும் தெரியும். அது 40 கிலோ தூக்கக்கூடிய சிறிய ராக்கெட். 1983 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்து ஓய்வு பெற்றது. அதன் இரு பக்கத்திலும் ஒரு மீட்டர் குறுக்களவுள்ள இரண்டு மோட்டார்களைக் கட்டி, 150 கிலோ வரை தூக்கும்படி செய்ததுதான் ஏ.எஸ்.எல்.வி. உயரம் 24 மீட்டர், எடை 40 டன். ஐந்து அடுக்கும் திட எரிபொருள்.

திட எரிபொருள் என்றதும் நம் ஊரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த எரிபொருளில் பெரும்பங்கு அமோனியம் பெர்குளோரேட் என்ற வெள்ளை உப்பு. எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனை அதுதான் கொடுக்கிறது. அதனுடன் அலுமினியப் பொடியையும் ரப்பர் போன்ற ஒரு பிசினையும் சேர்த்துப் பிசைந்து, மோட்டாருக்குள் வார்த்து இறுக வைக்கிறார்கள். அந்த உப்பைத் தயாரிக்க இஸ்ரோ 1979ல் தொழிற்சாலை வைத்த இடம் நம் ஆலுவா. சிவராத்திரிக்கு மணப்புறம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

முதல் ஏ.எஸ்.எல்.வி. 1987 மார்ச் 24 அன்று கிளம்பியது. பக்க மோட்டார்கள் இரண்டும் ஒழுங்காக எரிந்து தீர்ந்தன. அடுத்து நடு மோட்டார் பற்ற வேண்டும். பற்றவில்லை. எல்லாம் வங்காள விரிகுடாவில். அடுத்தது 1988 ஜூலை 13. இந்த முறை நடு மோட்டார் பற்றியது. ஆனால் பக்க மோட்டார்களின் தள்ளுவிசை ஓய்வதற்கும் இதன் விசை ஏறுவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழுந்துவிட்டது.

படகுத்துறையில் படகிலிருந்து கரைக்குக் கால் வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் படகை விட்டுவிட்டது, மறு கால் இன்னும் கரையில் ஊன்றவில்லை. அந்த நேரத்தில் ஒரு அலை வந்தால்? ராக்கெட்டுக்கு அந்த அலை காற்று. காற்றின் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் உயரத்தில் அந்த இடைவெளி விழுந்தது. திசை காக்க முடியாமல் ராக்கெட் உடைந்து போயிற்று. ஆக, இரண்டு ராக்கெட், இரண்டு சாட்டிலைட், இரண்டும் கடலில். ஜனங்கள் கேலி பேசாமல் இருப்பார்களா?

அதன் பிறகு நாலு வருஷம் ராக்கெட் கிளம்பவில்லை. அந்த நாலு வருஷத்தில் நடந்த வேலைதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் சாரம். நடு மோட்டாரைக் கடிகாரம் பார்த்துப் பற்ற வைப்பதை விட்டார்கள். பக்க மோட்டார்களின் விசை இறங்குவதை ராக்கெட்டே உணர்ந்து, அந்தக் கணத்தில் பற்ற வைக்கும்படி செய்தார்கள். அடியில் சிறகுகள் வைத்தார்கள். திசை காக்கும் ஏற்பாட்டையும் திருத்தி அமைத்தார்கள். 1992 மே 20 அன்று மூன்றாவது ராக்கெட் சாட்டிலைட்டைச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோனது. ஆனாலும் கடைசிக் கட்டத்தில் சுழற்சி சரியாக அமையாமல் பாதை தாழ்ந்துவிட்டது. 55 நாளில் சாட்டிலைட் கீழே வந்துவிட்டது. முழு வெற்றி என்று சொல்ல மனசு வராது.

இதற்குள் பி.எஸ்.எல்.வி. தயாராகிவிட்டது. அடுத்த தலைமுறை அதுதான், ஏ.எஸ்.எல்.வி.க்கு இனி வேலை இல்லை என்பது தெளிவாகத் தெரிந்த விஷயம். 150 கிலோ சாட்டிலைட்டை வைத்துக்கொண்டு பெரிதாக என்ன செய்ய முடியும்? பக்க மோட்டார் கட்டுவது, ராக்கெட்டே தன் வழியைக் கணக்குப் பார்த்துத் திருத்திக்கொள்வது, தலைப்பாகம் உடம்பை விடப் பருமனாக இருப்பது, ஏவுதளத்தில் நின்ற நிலையிலேயே அடுக்கி முடிப்பது, இதையெல்லாம் கற்றுக்கொள்ளத்தான் அது பிறந்தது. இந்த நிலையில் 1993 செப்டம்பர் 20 அன்று முதல் பி.எஸ்.எல்.வி.யும் தோற்றது.

ஆகவே நான்காவது ஏ.எஸ்.எல்.வி.யைத் தயார் செய்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். கையில் இருப்பது ஓய்வு பெறப் போகும் ராக்கெட். முன் மூன்றில் இரண்டு கடலில் விழுந்தவை, ஒன்று அரைகுறை. புது ராக்கெட்டும் விழுந்திருக்கிறது. ரிடையராகப் போகும் உத்யோகஸ்தர் கடைசி மாதத்தில் பைல்களை எப்படிப் பார்ப்பார் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். (பலர் சிரிக்கிறீர்கள், யாரையும் குறிப்பிடவில்லை.) ராக்கெட்டில் அப்படிப் பார்க்க முடியாது. திட மோட்டாரை ஒரு தடவை பற்ற வைத்துவிட்டால் அணைக்க வழியே இல்லை. வார்த்த எரிபொருளில் மயிரிழை விரிசல் இருந்தால் அங்கே தீ அதிகப்படியாகப் பரவி மோட்டாரே வெடிக்கலாம். அதனால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். மூட்டுகளின் ரப்பர் வளையங்கள், பற்றவைக்கும் வெடிமருந்தின் மின்சுற்றுகள் என ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். இது கடைசி ராக்கெட் என்பதால் இதில் ஒரு சோதனைகூடக் குறையாது.

அமெரிக்காவில் 2011ல் அட்லாண்டிஸ் விண்வெளி ஓடம் கடைசியாகப் போனபோதும் இப்படித்தான். முப்பது வருஷம் ஓடிய ஷட்டில் திட்டத்தின் முடிவு அது. ஆபத்து வந்தால் காப்பாற்றப் போக வேறு ஷட்டில் இல்லை என்பதால் நாலே பேரை ஏற்றினார்கள். ஏவுதளத்தில் வேலை செய்தவர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு அது இறங்கியதும் வேலை போய்விடும் என்று தெரியும். அப்படியும் ஜூலை 8 அன்று, 31 விநாடி பாக்கி இருக்கும்போது எண்ணிக்கையை நிறுத்தி, ஒரு கை முழுவதும் விலகிவிட்டதா என்று காமிராவில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் விட்டார்கள்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். 1994ல் இஸ்ரோவின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் கஸ்தூரிரங்கன். எர்ணாகுளத்தில் பிறந்து, அங்கே ஸ்ரீராமவர்மா ஹைஸ்கூலில் படித்தவர். 2025 ஏப்ரலில் காலமானார். அவர் பொறுப்பேற்ற சில வாரங்களில் நடந்த ஏவல் இது. சாட்டிலைட்டின் பெயர் ஸ்ராஸ்-சி2. அதில் இருந்த ஒரு கருவி, வானத்தில் திடீரென்று தோன்றி மறையும் காமா கதிர் வெடிப்புகளைக் கண்டறிவது. கஸ்தூரிரங்கனின் ஆராய்ச்சியே விண்ணிலிருந்து வரும் இந்த மாதிரிக் கதிர்களைப் பற்றியது என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

மே 4 அன்று ராக்கெட் கிளம்பியது. படகிலிருந்து கரைக்குக் கால் மாறும் அந்தக் கணம் பிசகில்லாமல் கடந்தது. சாட்டிலைட் 437க்கு 938 கிலோமீட்டர் பாதையில் போய் உட்கார்ந்தது. அதற்கு விதித்திருந்த ஆயுள் ஆறு மாதம். தன்னிடமிருந்த எரிபொருளால் பாதையைத் திருத்திக்கொண்டு பல வருஷம் வேலை செய்தது. 2001 ஜூலை 12 அன்றுதான் காற்றுமண்டலத்தில் நுழைந்து எரிந்தது.

அதே 1994 அக்டோபர் 15 அன்று பி.எஸ்.எல்.வி. இரண்டாவது முயற்சியில் ஜெயித்தது. அதன் பக்கங்களில் ஆறு மோட்டார்கள் கட்டியிருந்தார்கள். குறுக்களவு அதே ஒரு மீட்டர். ஏ.எஸ்.எல்.வி.யின் பக்கத்தில் இருந்த அதே வம்சம்தான்.

குழந்தைகள் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இப்போது கேட்கலாம். காபி வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்று காரியதரிசி ஜாடை காட்டுகிறார்.