கட்டிய கயிறா? போட்ட ஊசியா?



கால்நடையைக் காப்பது கட்டிய கயிறா, போட்ட ஊசியா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் கயிறுதான் என்றார். நன்றாகத்தான் கயிறு திரித்தார்! (சிரிப்பு)

ஆனால் அந்தக் கயிற்றைக் கேலி செய்ய நான் வரவில்லை. தமிழிலே ‘மாடு’ என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் உண்டு. அந்தச் செல்வத்துக்குக் கண்ணேறு படக்கூடாது என்று கறுப்புக் கயிறு கட்டினான், தாயத்துக் கட்டினான், சங்கு கட்டினான் உழவன். ஐயனார் கோயிலிலே மண்ணால் செய்த மாட்டு உருவாரம் வைத்து வேண்டிக்கொண்டான். அன்றைக்கு அவன் கையிலே வேறு என்ன இருந்தது? அது அன்பய்யா! ஆனால் அன்பு வேறு, காவல் வேறு.

சில ஊர்களிலே நோய் வந்தால் எல்லையில் குறுக்கே கயிறு கட்டி, மந்திரித்த தகட்டை அதிலே தொங்கவிட்டு, மாடுகளையெல்லாம் அதன் அடியிலே ஓட்டுவார்கள். கோமாரி கண்ட மாட்டுக்கு எச்சில் நூல் நூலாக ஒழுகும். அந்த எச்சிலிலே கிருமி, மூச்சிலே கிருமி. அதையும் நல்ல மாட்டையும் உரச உரச ஓட்டினால் என்ன ஆகும்? கட்டினது நோயையா? நோய்க்குக் கல்யாண ஊர்வலமல்லவா நடத்தினோம்! (கைதட்டல்)

ஊசி என்ன சாதித்தது என்று கேட்டார்கள். வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது. காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல். நுழைந்தால் தொழுவமே காலி. இமயமலைப் பக்கம் முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்திலே 1920களில் எட்வர்ட்ஸ் என்பவர் அந்தக் கிருமியை ஆட்டுக்கு ஆடு மாற்றிச் செலுத்தி, வீரியத்தைக் குறைத்து, தடுப்பு மருந்தாக்கினார். 1954இல் தேசிய ஒழிப்புத் திட்டம் வந்தது. 1995க்குப் பிறகு இந்தியாவிலே அந்த நோய் இல்லை. 2011இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் அதுதான். எத்தனை தலைமுறை கயிறு கட்டினோம்! போனதா?

ஒரே ஒரு கறவை மாட்டை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற தாயை நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு மந்திரிப்பு, நாளைக்குத் தாயத்து, நாளை மறுநாள் டாக்டர் என்று அவள் இருந்தால், அடைப்பான் காத்திருக்குமா? சில மணி நேரத்திலே மாட்டைச் சாய்த்துவிடும். செத்த மாட்டை அறுத்தால் மனிதனுக்கும் தொற்றும். போன மாடு திரும்பி வருமா? பிள்ளையின் படிப்பு என்ன ஆவது?

ஒரு கிராமத்திலே தடுப்பூசி போட வந்த டாக்டர், மாட்டின் கழுத்தைப் பார்த்து, “ஏம்மா, தாயத்துத்தான் கட்டியாச்சே, ஊசி எதுக்கு?” என்று சீண்டினார். பாட்டி சொன்னாள்: “வாசல்ல கோலமும் போடுறோம், ராத்திரி தாழ்ப்பாளும் போடுறோமே சாமி!” (கைதட்டல்) எப்பேர்ப்பட்ட தெளிவு! கோலம் மங்கலம். ஆனால் திருடனைத் தடுப்பது தாழ்ப்பாள்.

ஆகவே கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரி ஊசி போட முகாம் வரும்போது, தாயத்துக் கட்டிய அந்தக் கழுத்தோடேயே மாட்டை ஓட்டி வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். காப்பது ஊசியே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.