பெட்டிக்குள் வராத காசு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



"கிரிப்டோ கிரிப்டோன்னு போன்ல வருதே, அதைப் பத்திப் பேசுங்க"ன்னு தலைவி அம்மா சொன்னாங்க. அதுல பணம் போட்டு இரட்டிப்பாக்குறதைப் பத்தி நான் பேசப்போறதில்லை. அதுக்கு என் பதில் ஒரே வார்த்தை, வேண்டாம். தர்மத்துக்குன்னு ஒருத்தர் அந்தக் காசைக் கொடுத்தா வாங்கலாமா, வாங்கினா கணக்கு எப்படி வைக்கிறது என்பதுதான் என் பேச்சு. ஏன்னா அந்தக் கேள்வி போன மழைக்காலத்துல என்கிட்டயே வந்தது.

நம்ம பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துக்கு நான் கணக்கு எழுதுறேன். காத்துல சமையல்கட்டு மேல இருந்த தகரம் பறந்துபோச்சு. தார்ப்பாயைக் கட்டிச் சமைச்சாங்க. சேதி கேட்டு வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஊர்க்காரங்க ரெண்டு பேர் உதவுறோம்னாங்க. ஒருத்தர் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி. இன்னொருத்தர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட ஓர் அண்ணன். ரெண்டு பேருமே "பிட்காயினா அனுப்பட்டுமா?"ன்னு கேட்டாங்க.

இது நாணயமும் இல்லை, நோட்டும் இல்லை. இன்னாரிடமிருந்து இன்னாருக்கு இவ்வளவு போச்சுன்னு உலகம் முழுக்க ஏராளமான கணினிகளில் ஒரே மாதிரி எழுதிவைக்கும் பேரேடு. நடுவில் பேங்க் கிடையாது. ஒரு ரகசியச் சாவி இருக்கும். அதை மீட்டெடுக்க 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகள் தருவாங்க. அந்த வார்த்தைகள் யார் கையிலோ, காசும் அவர் கையில். சாவியும் வார்த்தைகளும் தொலைஞ்சா மேனேஜரைப் பார்த்து மனு கொடுக்க முடியாது.

இல்லத்துப் பொறுப்பாளர் ஒருவர், "என் பையன் போன்லயே கணக்கு ஆரம்பிச்சுடலாம்"னார். சாவி யார்கிட்ட இருக்கும்னு கேட்டேன். "பையன்கிட்டதான்." நம்ம குழுக் கணக்கில் ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க விடுவோமா? கூட்டுக் கையெழுத்துதானே வைக்கிறோம்? பிட்காயினிலும் மூணு சாவியில் ரெண்டு சேர்ந்தால்தான் திறக்கும் ஏற்பாடு உண்டு. அதைக்கூடச் செய்யாமல் ஒரு பையன் போனை நம்பித் தர்மக் காசை வாங்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அவருக்கு என்மேல் வருத்தம்தான்.

இதில் பெரிய அளவில் நடந்த கதை ஒண்ணு இருக்கு. 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்கு அலைஞ்சோமே, அப்போ சந்தீப் நயில்வால் என்பவர் இந்தியாவுக்காக 'கிரிப்டோ ரிலீஃப்'னு ஒரு நிதி தொடங்கினார். ஈதர் நாணயத்தின் பின்னால் இருக்கும் எத்தீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் புட்டரின் மே மாதம் ஷிபா இனு என்ற நாணயத்தில் 50 லட்சம் கோடி அனுப்பினார். எண்ணிக்கைதான் அவ்வளவு. அன்றைய விலையில் மதிப்பு சுமார் 100 கோடி டாலர். சேதி பரவியதும் அதன் விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் விழுந்தது. அவ்வளவையும் சந்தையில் ஒரே நேரத்தில் கொட்டினால் வாங்க ஆள் ஏது? கொஞ்சம் கொஞ்சமாக விற்று, கடைசியில் கைக்கு வந்தது பாதிக்கும் குறைவு. அதிலிருந்து யுனிசெஃப் மூலம் தடுப்பூசிக்கு சிரிஞ்சு வாங்க 1.5 கோடி டாலர் கொடுத்தாங்க. நல்ல காரியம்தான். ஆனா சட்டப்படி இந்தியாவுக்குள் செலவழிக்க நாளாச்சு. 2022 ஜனவரியில் 10 கோடி டாலரை விட்டாலிக்கிடமே திருப்பி அனுப்புறதா அறிவிச்சாங்க.

வடலூர் நமக்கு எட்டின தூரம். வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமச்சாலையில் அடுப்பு இன்னும் அணையவில்லை. அங்கே வண்டியில் வரும் கத்தரிக்காயை "அடுத்த வாரம் விலை ஏறும்"னு யாராவது மூலையில் வைப்பாங்களா? அன்னைக்கே குழம்பில் போயிடும். நாணயம் வந்தாலும் அப்படித்தான், வந்த அன்றே விற்றுப் பணமாக்கணும். அமெரிக்காவில் பல தொண்டு நிறுவனங்கள் அப்படித்தான் செய்யுது. விலை ஏறின நாணயத்தை விற்காமல் அப்படியே தானம் கொடுத்தா அங்கே கொடுப்பவருக்கு வரி மிச்சம். அதனால்தான் அவங்க நாணயமாவே தர விரும்புறாங்க.

நம்ம நாட்டில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. 2018-இல் ரிசர்வ் வங்கி போட்ட கட்டுப்பாட்டை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 ஏப்ரலிலிருந்து லாபத்துக்கு 30 சதவீதம் வரி. தடையும் இல்லை, ரூபாய் என்ற அந்தஸ்தும் இல்லை. பணமாகக் கொடுத்ததுக்குத்தான் 80ஜி சலுகை. அரிசி மூட்டைக்குக் கிடையாது, பிட்காயினுக்கும் கிடையாது.

எல்லாத்தையும் விடப் பெரிய கதவு எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டம். வெளிநாட்டுக் குடிமகன் தரும் நன்கொடையை வாங்கப் பதிவு அல்லது முன் அனுமதி வேணும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது டெல்லியில் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து விழணும். போனில் இருக்கும் பிட்காயின் அந்தக் கணக்கில் எப்படி விழும்?

சிங்கப்பூர்த் தம்பி இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர். அவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. "நீங்களே அங்கே வித்து, ரூபாயா அனுப்புங்க, பாஸ்போர்ட் நகலும் சேர்த்து"ன்னேன். அனுப்பினார். ரசீது போட்டோம், தகரம் ஏறிடுச்சு.

அமெரிக்க அண்ணனிடம் வேண்டாம்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. இல்லத்துக்கு அந்தப் பதிவு இல்லை. "சென்னையில் எங்க சொந்தக்காரர் பேரில் போடட்டுமா?"ன்னு கேட்டார். அது இன்னும் தப்பு. அவர் தர நினைச்சது தம்பி தந்ததை விட அதிகம். கழிப்பறைக்கும் சேர்த்து ஆகியிருக்கும். அந்தப் பாட்டிகள் இன்னும் இருட்டுல வெளிய போறாங்க. ரெண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. பதிவு பெற்ற வேறொரு நிறுவனத்துக்கு அவர் கொடுக்கலாம்னு எழுதினேன். இல்லத்துக்குப் பதிவு கேட்டு விண்ணப்பிக்க இப்போ தணிக்கை அறிக்கைகளைத் திரட்டிக்கிட்டு இருக்கோம்.

நான் அவருக்கு எழுதிய கடிதத்தின் நகல் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டியிருக்கு. பார்க்கணும்னா சாப்பிட்டுட்டு வாங்க, கையோடு கொண்டுவந்திருக்கேன்.