பேச்சில் அசையின் பங்கு
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்கு உழைத்துவரும் இச்சங்கத்தின் மேடையில், அசையைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

அசை என்பது நாம் ஒரே முயற்சியில் ஒலிக்கும் ஒலித்துண்டு. உயிரொலியே அதன் உள்ளீடு. ‘பள்ளிக்கூடம்’ என்று கைதட்டிச் சொல்லிப் பாருங்கள்: பள்–ளிக்–கூ–டம் என நான்கு தட்டுகள் விழும். யாப்பிலக்கணத்தின் கணக்கு சற்று வேறு. ‘மரம்’ என்பது வாயில் இரண்டு அசை. செய்யுளிலோ ஒரே நிரையசை. நான் பேசுவது வாயின் கணக்கை.

அசையின் அளவும் பொருளை மாற்றும். ‘படம்’, ‘பாடம்’ இரண்டிலும் அசைகள் இரண்டே. முதலசை ஒரு மாத்திரை நீண்டதும் பொருள் வேறாகிவிடுகிறது. இமைப்பொழுதையும் கைந்நொடியையும் மாத்திரைக்கு அளவாக வைத்தது தொல்காப்பியம். ஏடறியாதவரும் இமைக்கிறார், நொடிக்கிறார். அந்த அளவுகோல் எல்லார்க்கும் பொது.

இனி என் கதை ஒன்று. சிறுவனாக இருந்தபோது, ‘பால்’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘பாலு’ என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து, “சேரிப் பேச்சை ஏட்டில் எழுதாதே” என்றார். வகுப்பு சிரித்தது. அதன்பின் நெடுநாள் நான் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அதே ஆசிரியர் தேநீர்க் கடையில், “பாலு கொஞ்சம் கூட ஊத்துப்பா” என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

பின்னர்தான் உண்மை விளங்கியது. மெய்யில் முடியும் ஓரசைச் சொல்லின் இறுதியில் உகரம் சேர்த்து ஈரசையாக்குவது பேச்சுத் தமிழின் பொது இயல்பு. கால் காலு ஆகிறது. கண் கண்ணு ஆகிறது. எல்லாத் தெருவும் அப்படித்தான் பேசுகிறது. ‘வந்துவிட்டான்’ என்னும் நான்கசைச் சொல் எல்லார் வாயிலும் ‘வந்துட்டான்’ என மூன்றசையாகிறது. அன்று என் செவி பிழை செய்யவில்லை; எழுத்து வழக்கு வேறு என்பதை எனக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஒப்பாரி பாடும் நம் தாய்மார்கள் ஏட்டைத் தொட்டதில்லை. ஆயினும் அவர்கள் அடிகளில் ஓசை தடுமாறுவதில்லை.

அமெரிக்காவின் செரோக்கி இனத்தவரான செக்வோயா, எம்மொழியிலும் எழுதப் படிக்கக் கல்லாதவர். அவர் தம் மக்களின் பேச்சைச் செவியால் அசை அசையாகப் பிரித்து, அசைக்கு ஒரு குறியாக ஏறத்தாழ 85 குறிகளை 1821ஆம் ஆண்டளவில் அமைத்தார். சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் படிக்கக் கற்றனர். 1828இல் அம்மக்கள் செய்தித்தாளே வெளியிட்டனர். நம் உயிர்மெய் எழுத்தும் அசையை ஒட்டியதே. ‘கா’ என்னும் எழுத்து வாயில் ஓர் அசை. ஆகவே நம் குழந்தை வெறுங்கையோடு பள்ளிக்கு வருவதில்லை.

நம்மூர்க் குன்றில், 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி விசித்திரசித்தன் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் எடுத்தது என்று அதன் வடமொழிக் கல்வெட்டு கிரந்த எழுத்தில் கூறுகிறது. மன்னன் பெயர் இருக்கிறது; பாறையைக் குடைந்த கைகளின் பெயர் இல்லை. பேசியவர் பலர், எழுத்தில் நின்றவர் சிலர். இந்நிலை மாறவே இச்சங்கம் தோன்றியது.

ஆசிரியர்களுக்கும், மாலையில் பாடம் சொல்லும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதலில் குழந்தையைப் பேசவிடுங்கள். அவன் சொன்ன சொல்லையே கைதட்டி அசையாகப் பிரிக்கச் செய்யுங்கள்; பிறகு எழுத்தைக் காட்டுங்கள். ‘பாலு’ என்று எழுதினால், “நீ கேட்டது சரி, ஏட்டில் எழுதும் முறை இது” என்று கூறுங்கள். அந்த ஒரு வாக்கியம் ஒரு பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!