வலையில் பங்கு கேட்கும் நீர்நாய்

போல்டிக் கடலோரத்து மீனவருக்குக் கடல்நாய் தீராத தொல்லை. சுவீடனிலும் பின்லாந்திலும் சால்மன் மீனுக்கு விரித்த வலையை விடியற்காலையில் இழுத்தால், சில நாட்களில் மீனின் தலை மட்டுமே மிஞ்சியிருக்கும், வலையும் கிழிந்திருக்கும். இலங்கையின் மலையகத்திலே கடல்நாய் ஏது என்று நேயர்கள் கேட்கலாம். கடல்நாய் இல்லைதான், ஆனால் அதன் வேலையைச் செய்ய நீர்நாய் இருக்கிறது.

ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகள் முதல் தாழ்நிலத்து ஆறுகள் வரை இப்பிராணி வாழ்கிறது. இரவில் உலாவுவதால் கண்ணில் படுவது அரிது. பாறை மேல் அது இட்டுச் செல்லும் எச்சமே அடையாளம். அதைக் கிளறிப் பார்த்தால் நண்டின் ஓடும் மீன் முள்ளும் கிடைக்கும். கடல்நாய்க்குத் தோலின் கீழே தடித்த கொழுப்பு உண்டு. நீர்நாய்க்கோ அடர்ந்த உரோமமே போர்வை. மலைநீரின் குளிரில் உடற்சூடு விரைவாகக் குறைவதால், அது ஓயாமல் உண்ண வேண்டியிருக்கிறது. ஏழெட்டுக் கிலோ எடையுள்ள ஒரு நீர்நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ இரை தேவை. பேராசையென்று இதைச் சொல்வது நியாயமாகாது.

வழக்கின் தொடக்கம் வெள்ளைத் துரைமார் காலத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தூண்டில் விளையாட்டுக்காக ட்ரவுட் மீனை நுவரெலியாப் பகுதி ஓடைகளில் கொணர்ந்து விட்டனர். பின்னர் வானவில் ட்ரவுட் அங்கே நிலைகொண்டது. நண்டு பிடித்துத் திரிந்த பிராணியின் வீட்டு வாசலில் கொழுத்த மீனை வைத்துவிட்டு, அது தின்றதும் திருடனென்றால் என்ன செய்வது!

இன்றைய வழக்கு விளையாட்டன்று, வயிற்றுப் பிழைப்பு. மின்சாரத்துக்காகக் கெகல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இலும், மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாகலை 1969இலும் அமைந்தன. தேயிலைச் சரிவுகளுக்கு இடையே பரந்த நீர்ப்பரப்புத் தோன்றியதும் வலையும் வந்தது. செவுள்வலையை மாலையில் இட்டு விடியலில் எடுப்பது வழக்கம். வலையில் சிக்கித் துடிக்கும் மீன், துரத்திப் பிடிக்க வேண்டாத இரை. நீர்நாய் அதைக் கடித்து இழுக்கும்போது கண்ணிகள் அறும். மீனின் விலை ஒரு நாள் நட்டம். வலையைத் தைப்பதோ பல நாள் வேலை. சில வேளை பிராணியே வலையில் சிக்கும். சில நிமிடங்களுக்கு மேல் அதனால் மூச்சடக்க இயலாது, மூழ்கி இறந்துவிடும்.

கோபத்தில் கரையோரம் நஞ்சு வைக்கும் யோசனை சிலருக்கு எழக்கூடும். நீர்நாய் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற பிராணி. அதுவும் ஒருபுறமிருக்க, அந்த நஞ்சு வளர்ப்பு நாய்க்கும் எமனாகும். ஓடை வழியே லயன் வீடுகளின் குடிநீருக்கும் வரும்.

வேறு வழி உண்டா? விலாங்கு பிடிக்கும் கூட்டுவலையின் வாயில் 85 மில்லிமீற்றர் சதுரக் கண்ணியுள்ள கட்டியான சட்டத்தைப் பொருத்துமாறு இங்கிலாந்தில் விதித்துள்ளனர். மீன் நுழையும், நீர்நாய் நுழையாது. கரையில் குளம் வெட்டி மீன் வளர்ப்பவர் வேலியடைத்துத் தப்பலாம். செவுள்வலைக்கு வாயே இல்லை. ஆகையால் சட்டம் பொருத்த இடமில்லை. வலை நீரில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பதே எஞ்சிய வழி. அந்தியில் இட்டு, இரவு ஒன்பது பத்து மணிக்குள் எடுத்துவிட்டால் மீன் சற்றுக் குறையும்; கிடைப்பது பெரும்பாலும் முழுதாகக் கிடைக்கும்.

சொல்வது எளிது. காலையில் பிரட்டுக்குப் போய்ப் பகலெல்லாம் மலையில் நின்றவர், மழையும் பனியும் பெய்யும் இரவில் மீண்டும் தோணியேற வேண்டும். நீர்நாயைக் காக்கும்படி அவரிடம் கேட்பவர்கள், அறுந்த வலையின் விலையில் ஒரு பங்கைத் தாமும் ஏற்பார்களா என்று அவர் திருப்பிக் கேட்டால், அக்கேள்வியில் தவறில்லை.