அடி மட்டும்தான் வன்முறையா?



"அவர் கை நீட்ட மாட்டார். அப்புறம் எப்படி அதை வன்முறைன்னு சொல்றது?" என்று கேட்கும் பெண்கள் நம்மிடையே நிறையப் பேர். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதற்குப் பதில் சொல்கிறது. அது வன்முறையை நான்கு வகையாகப் பார்க்கிறது.

முதலாவது உடல்ரீதியானது: அடி, உதை, மிரட்டல். இரண்டாவது பாலியல்ரீதியானது: கணவனே ஆனாலும் அவள் கண்ணியத்தைக் குலைக்கும் செயல்கள். மூன்றாவது சொல்லாலும் மனத்தளவிலும் செய்வது: இழிவாகப் பேசுவது, குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று குத்திக்காட்டுவது. நான்காவது பொருளாதாரரீதியானது: சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, சீதன நகையை அவளைக் கேட்காமல் அடகு வைப்பது.

இந்த நான்காவதை நாம் வன்முறையாக நினைப்பதே இல்லை. உடம்பில் தழும்பு இருக்காது. ஆனால் ஆட்டோவுக்குக்கூடக் கையில் காசில்லாதவள் எங்கே போவாள்? மற்ற மூன்றையும் அவள் பொறுத்துக்கொண்டு கிடப்பதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

மனைவிக்கு மட்டுமான சட்டம் இல்லை இது. ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி, மகள் யாரும் இதன்கீழ் பாதுகாப்புக் கேட்கலாம். "வீடு என் அப்பா பேரில் இருக்கு, வெளியே போ" என்று மனைவியை நினைத்தபடி துரத்தவும் முடியாது. மாமனார் பெயரில் உள்ள வீடும் அவள் குடித்தனம் நடத்திய வீடாக இருக்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இனி, பக்கத்து வீட்டுக்காரர்களாகிய உங்களுக்கு. பாதிக்கப்பட்டவரேதான் புகார் தர வேண்டும் என்பதில்லை. வன்முறை நடப்பதாக நம்பக் காரணம் இருந்தால், யார் வேண்டுமானாலும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. சட்டத்தின் 4-வது பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

அதற்கு முன், முடிந்தால் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். என்ன வேண்டும் என்று அவளே சொல்லட்டும். சமாதானம் செய்கிறேன் என்று கணவனிடம் போய், "உங்க மனைவி இப்படிச் சொன்னாங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கதவைச் சாத்திய பிறகு அதற்கான பலனை அனுபவிப்பவள் அவள்தான். வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் பேச வேண்டாம்.

பெண்கள் உதவி எண் 181, இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 112-ஐ அழையுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையே என்ற கவலையும் வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்ட உதவி இலவசம்.

நம் அறிவிப்புப் பலகையில் பிளம்பர் எண், எலெக்ட்ரீஷியன் எண் எல்லாம் இருக்கின்றன. அவற்றோடு 181-ஐயும் எழுதி வையுங்கள். யாரிடமும் கேட்காமல் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒருத்தி, தினமும் அந்த வழியாகத்தான் போய்வந்துகொண்டிருப்பாள்.