புது வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை



குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை இயங்கிவந்த நாளில், ஒரு மோட்டார் வண்டிக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல இருந்தன. 1944-இல் வால்சந்த் ஹீராசந்த் தோற்றுவித்த அந்நிறுவனமே பியட் வண்டிகளைச் செய்து விற்றது. 1974 முதல் அவ்வண்டி பத்மினி என்று பெயர் பெற்றது. முறை வந்துவிட்டதென்று விற்பனையாளர் சொல்லியனுப்பினால், நிறம் யாது என்று கேட்பதற்குக்கூட மனம் துணியாது. கிடைத்ததே பெரும் பேறு என்று வாங்கிவருவார்கள். 2023 அக்டோபரில் கடைசிப் பத்மினி டாக்சியும் மும்பைத் தெருக்களை விட்டு நீங்கிற்று. காத்திருக்கும் காலமும் பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும், கொடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் அப்பழைய வழக்கம் மட்டும் நம்மை விட்டு நீங்கவில்லை.

இக்காலத்து விற்பனை நிலையத்தில் வண்டியை ஒப்படைக்கும் சடங்கைப் பார்த்திருப்பீர்கள். பட்டுத் துணியால் மூடிய வண்டி; அதன்மேல் ஒரு மாலை; ஆளுயர அட்டைச் சாவி; குடும்பத்தோடு ஒரு புகைப்படம். அந்நேரத்தில் வாங்குவோர் கண் புகைப்படக் கருவியின்மேல் இருக்குமேயன்றி வண்டியின்மேல் இராது. சரி, அப்பொழுதே கூர்ந்து பார்த்துக் குறை கண்டாலும் பயன் உண்டா? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதிவெண் பலகை பொருத்தாமல் புது வண்டியை உரியவரிடம் ஒப்படைக்கலாகாது. பதிவுக்கு விண்ணப்பம் செய்பவரும் விற்பனையாளரே. ஆகவே, மாலை போட்ட வண்டி உங்கள் எதிரே நிற்கும்போது அது முன்னரே உங்கள் பெயரில் பதிவாகிவிட்டது. முழுப் பணமும் கட்டியாயிற்று, இன்ஷ்யூரன்ஸும் எடுத்தாயிற்று. கதவில் ஒரு கீறல் கண்டு, "வேறு வண்டி கொடுங்கள்" என்றால், "மெருகு ஏற்றித் தருகிறோம்" என்ற விடைதான் கிடைக்கும். வாங்குவோர் கையில் உள்ள பிடி, பதிவு நடக்கும்வரைதான்.

எனவே வண்டியைப் பார்க்க வேண்டிய நாள் வேறு. பெற்றுவர வேண்டிய நாள் வேறு. உங்களுக்கென்று ஒரு வண்டி ஒதுக்கப்பட்டதும் அதன் சாஸி எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்பு பாக்கிப் பணத்தைக் கட்டுமுன், "இவ்வண்டியை நான் நேரில் பார்த்த பின்னரே பதிவுக்கு அனுப்ப வேண்டும்" என்று எழுத்து மூலமாகத் தெரிவித்துவிடுங்கள். மும்பை நகருக்குள் இடம் ஏது? வண்டிகளை நிறுத்தும் கிடங்குகள் பெரும்பாலும் பன்வேல், பிவண்டி போன்ற புறப்பகுதிகளில்தான் இருக்கும். ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போவது வீண் அன்று. பகல் வெளிச்சத்தில் போக வேண்டும். குழல் விளக்கின்கீழ் எல்லா வண்டியும் அழகாகத்தான் தோன்றும். வெயிலில் சாய்ந்து நோக்கினால் ஒரு கதவின் நிறம் மற்றொன்றினின்று சற்றே வேறுபடுவது தெரியும். அப்படி இருப்பின், அக்கதவு வழியில் அடிபட்டு மறுபடியும் வண்ணம் பூசப்பட்டதோ என்று ஐயுறலாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் பிறந்த வண்டியானால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியின் முதுகில் ஏறி வந்திருக்கும். வழியில் ஒரு சிறு காயம் படுவது வியப்பன்று. அதை மறைப்பதுதான் தவறு.

வண்டியின் வயதைக் கண்டறிவதும் எளிதே. சாஸி எண்ணில் 17 எழுத்துகளும் எண்களும் உண்டு. பெரும்பாலான நிறுவனங்கள் பத்தாவது இடத்தில் ஆண்டைக் குறிக்கின்றன. 2025-க்கு எஸ், 2026-க்கு டி. விற்பனைச் சான்றாகிய 21-ஆம் படிவத்திலும் உற்பத்தியான மாதமும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் ஒத்துப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 1225 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் பன்னிரண்டாவது வாரத்தில் செய்த டயர் என்பது பொருள். ஒரு டயர் மட்டும் வயதில் மிகவும் வேறுபட்டிருந்தால் காரணம் கேளுங்கள். ஓடிய தூரம் சில பத்துக் கிலோமீட்டர் இருப்பது இயல்பு. நூறுகளைத் தாண்டினால், பிறர் ஓட்டிப் பார்த்த வண்டியாக இருக்கக்கூடும்.

மழைக்காலமாயின் மற்றொன்றும் பார்க்க வேண்டும். கிடங்கில் நீர் புகுந்திருந்தால் அதன் அடையாளம் முழுதும் மறையாது. தரை விரிப்பைத் தூக்கி அடியில் தொட்டுப் பாருங்கள். இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்தால், சேறு பட்டிருப்பின் அதன் கறை அங்கே தென்படும். மேலே எவ்வளவு துடைத்தாலும் சுருளின் உள்ளே துடைப்பவர் அரிது.

நீரைப்பற்றிப் பேசும்போது இன்ஷ்யூரன்ஸையும் சொல்லிவிட வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை இந்நகரத்தார் எவரும் மறக்கவில்லை. அவ்வளவு வேண்டாம், ஆண்டுதோறும் பெய்யும் மழையிலேயே கிங்ஸ் சர்க்கிளிலும் சயனிலும் முழங்காலளவு நீர் நிற்கிறது. நீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் கிளப்ப முயன்றால், இயந்திரத்திற்குள் நீர் புகுந்து, அழுத்த முடியாத அந்நீரின் எதிர்ப்பால் உள்ளிருக்கும் தண்டுகளே வளைந்துவிடும். சாதாரணப் பாலிசி இச்சேதத்தை ஏற்பதில்லை. இயந்திரப் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவைச் சேர்த்திருந்தால்தான் பணம் கிடைக்கும். அதிலும் நிபந்தனைகள் உண்டு, படித்துக்கொள்க. மாட்டுங்காவாசிக்கு, பளபளக்கும் சக்கர மூடியைக் காட்டிலும் இது அவசியம் என்பேன். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுத்தாக வேண்டும். ஆனால் இன்ன நிறுவனத்திடம்தான் எடுக்க வேண்டுமென்று விற்பனையாளர் வற்புறுத்த இயலாது. இரண்டு மூன்று இடங்களில் விசாரித்தபின் முடிவு செய்யலாம்.

நம்மவர்க்கென்றே உரிய தொல்லை பெயர். தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தையின் தலையெழுத்து உண்டு. ஆதாரில் ஒரு விதம், பான் அட்டையில் முதலெழுத்தை விரித்து ஒரு விதம், வங்கியில் மற்றொரு விதம் என்று இருக்கும். இவ்வூர்க் குமாஸ்தா தம் வழக்கப்படி தந்தை பெயரைக் கடைசியில் சேர்த்துவிடுவார். விபத்து நேர்ந்து ஈட்டுத்தொகை கேட்கும் நாளில் இவ்வேறுபாடு பெரிய தலைவலியாகும். பதிவு விண்ணப்பமாகிய 20-ஆம் படிவத்தில் கையெழுத்திடுமுன் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பாலிசியிலும் அதே பெயர்தானா என்று பாருங்கள்.

ஊர் திரும்பும் எண்ணமுடையோர் பதிவைப்பற்றியும் யோசிக்க வேண்டும். இங்கே பதிவான வண்டியைத் தமிழ்நாட்டில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். இங்கே கட்டிய வரியில் மீதிக் காலத்துக்குரியதைத் திரும்பப்பெற அலைய வேண்டும். 2021 செப்டம்பரில் வந்த பி.எச். என்னும் பாரத வரிசைப் பதிவு இச்சிக்கலைக் குறைக்கிறது. வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம். அரசு ஊழியரும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள தனியார் நிறுவன ஊழியரும் இதற்குத் தகுதியுடையோர். அலுவலகச் சான்று வேண்டுமாதலால் முன்கூட்டியே கேட்டு வாங்குதல் நலம்.

பில்லில் ஒவ்வொரு வரிக்கும் ரசீது கேளுங்கள். கையாளும் கட்டணம் என்று ஒன்று இருக்குமாயின், அது சட்டம் விதித்ததன்று. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வருமான வரியாகப் பிடிப்பார்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.

நல்ல நாள் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் குடிபாட்வாவிலும் தசராவிலும் இந்நகரில் வண்டி எடுப்போர் கூட்டம் மிகுதி. அன்று எவருக்கும் எதையும் விளக்க நேரம் இராது. பார்வையிடலையும் பதிவையும் முன்வாரமே முடித்துவிட்டால், அன்று மாட்டுங்காவில் பூ வாங்கவும், சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போய்ச் சக்கரங்களின்கீழ் எலுமிச்சம்பழம் வைக்கவும் நிதானமாகப் பொழுதிருக்கும். புறப்படுமுன் இரண்டாவது சாவி, ஜாக்கி, மாற்றுச் சக்கரம் அல்லது அதற்கீடாகக் கொடுத்த கருவி ஆகியவற்றை எண்ணி வாங்குங்கள். புது வண்டியில் பெட்ரோல் மிகச் சிறிதே இருக்கும். கோயிலுக்கு முன்பே பங்க் எங்கே உள்ளதென்று பார்த்துக்கொள்ளுங்கள். கிடங்கில் நின்ற டயர்களில் காற்று கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கலாம். அதையும் அங்கேயே சரிபார்த்துவிடலாம்.